ஏமாந்தது அவங்க, அலையறது நாமளா?

"அடையாளத் திருட்டு"ன்னு ஒரு பேரு வெச்சிருக்காங்க பாருங்க, அந்தப் பேருதான் முதல் மோசடி. என் பான் கார்டு என் பர்ஸ்லதான் இருக்கு. என் மூஞ்சியும் என்கிட்டதான் இருக்கு. எவனோ என் பான் நம்பரைக் கொடுத்தான், கடன் கம்பெனி யாரு என்னன்னு பார்க்காம பணத்தைத் தூக்கிக் கொடுத்துச்சு. திருடு போனது அவங்க பணம். ஆனா திருட்டுப் பட்டம், அலைச்சல் எல்லாம் எனக்கு!

நான் கேள்வியே படாத ஒரு கம்பெனியின் 12 ஆயிரம் ரூபாய் கடன் என் கடன் அறிக்கையில் உட்கார்ந்திருக்கு. தவணை கட்டலையாம். விலாசம் நான் கால் வைக்காத ஊர். போன் பண்ணிக் கேட்டா, "கட்டிட்டீங்கன்னா க்ளியர் ஆயிடும் சார்" என்கிறார்கள். எவன் வாங்கின கடனுக்கு எவன்யா கட்டறது?

சட்டம் என்ன சொல்லுது? கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், 2005, பிரிவு 21. தப்பைத் திருத்தச் சொல்லி நாம கேட்கலாம், 30 நாள் கெடு. ஆனா கடன் கொடுத்த நிறுவனம் 'ஆமா, திருத்தலாம்'னு சான்று சொன்னால்தான் திருத்த முடியும். அதாவது தப்பு பண்ணினவனே தீர்ப்பும் எழுதுவான். நல்லா இருக்குல்ல?

ரிசர்வ் வங்கி 2023ல் ஒரு சுற்றறிக்கை போட்டது. 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. அதுவும் தாமதத்துக்குத்தான், பொய்க் கடனை என் தலையில் கட்டினதுக்கு இல்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக் கடன் கைவிட்டுப் போனவனுக்கு 100 ரூபாய் எந்த மூலைக்கு?

அமெரிக்காவில் 2003ல் திருத்தின சட்டப்படி, அடையாளச் சான்றோடு முறையான திருட்டுப் புகாரும் கொடுத்தால் 4 வேலை நாளுக்குள் அந்தக் கணக்கை அறிக்கையில் மறைக்கணும். "அப்புறம் கடன் வாங்கினவன் எல்லாம் இப்படிச் சொல்லித் தப்பிச்சுடுவானே"ன்னு கேட்பீங்க. பொய்ப் புகார்னு தெரிஞ்சா மறைச்சதைத் திரும்ப ஏத்தவும் அதே சட்டத்தில் வழி இருக்கு சாமி.

இங்கேயும் அதைத்தான் கேட்கிறேன். புகார் வந்த அன்னிக்கே அந்தக் கடனை மதிப்பெண் கணக்கிலிருந்து எடு. அப்புறம் விண்ணப்பத்தைக் காட்டு, பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போச்சுன்னு காட்டு. காட்ட முடியலைன்னா கடனை அழி.

அது வரைக்கும் நாம செய்ய வேண்டியது: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமா தரணும், கேட்டு வாங்குங்க. தப்பு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவனுக்கும் எழுத்தில் புகார் கொடுங்க. போலீஸ் சைபர் பிரிவிலும் பதிவு பண்ணுங்க. 30 நாளில் நியாயம் கிடைக்கலைன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்.

முக்கியமா, தொல்லை விட்டால் போதும்னு ஒத்தை ரூபா கூடக் கட்டிடாதீங்க. கட்டினா, அது உங்க கடன்னு நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்.