தெளிந்த நீரெல்லாம் தூநீர் ஆகுமா?

கண்ணுக்குத் தெளிவாயும் நாவுக்கு இனிதாயும் இருப்பதே நல்ல நீர் என்று கொள்வது தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தனர் முன்னோர். நோய் பரவுங்கால் காய்ச்சிக் குடித்தனர். அவ்வறிவு பழுதுடையதன்று. ஆயினும், கலங்கலும் நோய்நுண்மமும் மட்டுமே நீரின் பகை என்று எண்ணியிருப்பாரை, பண்டு தகடூர் என வழங்கிய தருமபுரியின் பாறைகளும் கிருட்டிணகிரியின் பாறைகளும் எள்ளி நகைக்கின்றன.

அவ்விரு மாவட்டங்களின் நிலத்தடிப் பாறைகளில் புளோரைடு என்னும் உப்புப் பொதிந்துள்ளது. மண்ணுள் இறங்கிய மழைநீர் பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்க, அவ்வுப்பு மெல்ல மெல்லக் கரைந்து நீரொடு கலக்கின்றது. ஆழ்துளைக் கிணறு மேலே கொணர்வது அந்நீரையே. அந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, நாவறியும் சுவையுமில்லை. ஓர் இலிட்டர் நீரில் 1 மில்லிகிராமுக்குள் அஃது இருத்தல் வேண்டும் என்றும், வேறு நீர் கிட்டாவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர அமைவனம் 2012-இல் வரையறுத்தது. அவ்வெல்லை கடந்த நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகின்றது. அளவு மிக மிக, ஆண்டுகள் செல்லச் செல்ல, மூட்டுகள் இறுகுகின்றன; முதுகெலும்பு வளைகின்றது. அவ்வாறு வளைந்த எலும்பை மீண்டும் நிமிர்த்தும் மருந்து இல்லை.

காய்ச்சினால் நீங்காதோ எனின், நீங்காது. காய்ச்சுங்கால் நீர் ஆவியாகிக் குறையும், உப்போ குறையாது, ஆகவே எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். வெளுப்புத்தூள் நோய்நுண்மங்களைக் கொல்லுமேயன்றி இவ்வுப்பைத் தொடுவதில்லை. வீட்டார் நம்பியிருக்கும் இரு காவல்களும் இங்குப் பயன்படா!

இக்கேட்டை நீக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. காவிரி நீர் மலையேறி வந்து சிற்றூர்க் குழாய்களில் வீழ்வது பெரும்பேறே. ஆனால் ஆற்றுநீர் குறைந்த நாளில், அதே மேனிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றிக் கலந்துவிட்டால், குழாயைத் திறக்கும் தாய் அதனை எங்ஙனம் அறிவாள்? ஆற்றுநீர் என்று நம்பியன்றோ அவள் தன் பிள்ளைக்கு ஊட்டுவாள்!

பொருளுடையார் வீட்டிற்கொரு வடிகட்டும் பொறி வாங்கி வைக்கின்றனர். நுண்சவ்வு வழி நீரைப் பிழியும் பொறி புளோரைடைப் பெரும்பாலும் நீக்கும் என்பது மெய்யே. ஆயின், உட்புகும் நீரில் பெரும்பங்கைக் கழிவாய்க் கொட்டித்தான் அது நல்ல நீர் தருகின்றது. அன்றாடம் கூலிக்குச் செல்வோர் பொறிக்கும் புட்டி நீருக்கும் எங்கே போவர்? காசுள்ளவனுக்கு ஒரு நீர், இல்லாதவனுக்கு ஒரு நீர் என்பது அறமாகுமா?

ஆகவே ஊர் கேட்க வேண்டியது ஒன்று. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திற்கு மாவட்டந்தோறும் நீராய்வுக் கூடம் உண்டு. ஒவ்வொரு தொட்டியின் நீரையும் மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வித்து, புளோரைடு அளவையும் ஆய்ந்த நாளையும் அத்தொட்டியின் சுவரிலேயே எல்லாரும் படிக்கும் வண்ணம் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். ஒரு வாளி வண்ணமும் ஒரு தூரிகையும் போதும். இதனை ஊரவை தீர்மானமாக்கட்டும். எழுதாத தொட்டியை ஏன் எழுதவில்லை என்று பெண்டிர் எழுந்து கேட்கட்டும். கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக்குவதே காப்பின் முதற்படி!