வீணாகும் வெப்பமும் விறைத்த கண்ணாடியும்

“நம் ஊர் வெயிலில் மண்டை பிளக்கிறது. இவர் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைக் கரைக்கப் போகிறாராம்!”

எங்கள் துறைக் கருத்தரங்கில் நான் தேர்ந்தெடுத்த தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர் இவ்வாறு எள்ளி நகையாடினார். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, தாளில் இருந்ததை அவசர அவசரமாகப் படித்துவிட்டு அமர்ந்துவிட்டேன். அன்று சொல்ல இயலாமற்போன விடையை இந்த ஆண்டு மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, கார்த்திகை மாதத்தில் ஆப்பிள் ஏற்றிவரக் காஷ்மீருக்குச் சென்றார். பனிஹால் கணவாயை ஒட்டிய பகுதியில் வழி அடைபட்டு, இரவு முழுவதும் வண்டியிலேயே கிடந்தார். விடியற்காலையில் பார்த்தால், முகப்புக் கண்ணாடி முழுவதும் பனி உறைந்து சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்ததாம். இன்ஜினை நெடுநேரம் ஓடவிட்டும் பனி இளகவில்லை. முன்னால் நின்ற வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னால் ஒலிப்பான்கள் அலறின. ஸ்டவ்வில் தேநீருக்கு வைத்திருந்த கொதிநீரை எடுத்துக் கண்ணாடியின்மேல் ஊற்றினார். பனி கரைந்தது, ஆனால் கண்ணாடியும் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது. அந்தக் கண்ணாடியின் விலையை வண்டி முதலாளி அவருடைய படியில் பிடித்துக்கொண்டார். அவ்வாண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டில் புத்தாடை இல்லை. காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

கல்லூரியில் சேர்ந்தபின் ஒருநாள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கூறிய ஒரு சொல்தான் இக்கட்டுரைக்கு வித்து: “ரேடியேட்டர் தண்ணி சுட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணாடியிலே பனிக்கட்டி. நடுவுலே மூணடி தூரந்தான் கண்ணு!”

அந்த மூன்றடி தூரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

குளிர்நாடுகளில் இது நாள்தோறும் நேரும் தொல்லை. கனடாவிலும், அமெரிக்காவின் வடபகுதியிலும், ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளிலும் வைப்பருக்குத் துணையாகக் கண்ணாடியின்மேல் பீய்ச்சப்படும் தெளிப்பு நீர் வெறும் நீராக இருக்கமுடியாது. தொட்டியிலேயே உறைந்துவிடும். ஆகவே அதில் ஆல்கஹால் கலக்கிறார்கள். மெத்தனால் உறைவது சுழிக்குக் கீழே ஏறத்தாழ 98 டிகிரி செல்சியஸில். ஆதலால் அது நெடுங்காலம் இதற்குப் பயன்பட்டு வந்தது. ஆனால் அது கொடிய நஞ்சு. மதுவுக்கு மாற்றாக அதைக் குடித்துக் கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் ஒரு விதி இயற்றி, பொதுமக்களுக்கு விற்கும் தெளிப்பு நீரில் மெத்தனால் எடையில் 0.6 விழுக்காட்டை எட்டக்கூடாது என்று வரையறுத்தது. 2019 மே மாதத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

ஆல்கஹால் கலந்தாலும் தொல்லை முழுவதும் தீர்வதில்லை. வண்டி விரையும்போது காற்று வேகத்தில் ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடுகிறது. ஆவியாகும்போது கண்ணாடியின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. எஞ்சிய நீர் கண்ணாடியின்மேலேயே உறைகிறது. துடைக்க வந்த நீரே திரையாகிவிடுகிறது! தெளிப்பு நீரைச் சூடாகப் பீய்ச்சினால் இந்த இடர் பெரிதும் குறையும். ஒட்டிய பனியும் விரைவில் விடும். பனி முழுவதையும் உருக்க வேண்டியதில்லை. கண்ணாடியைப் பற்றியிருக்கும் மெல்லிய அடுக்கு இளகினாலே போதும். மற்றதை வைப்பர் வழித்துத் தள்ளிவிடும்.

சரி, சூட்டுக்கு எங்கே போவது? இங்கேதான் நாம் வகுப்பில் படிக்கும் வெப்ப இயக்கவியல் துணைக்கு வருகிறது. வெப்பத்தால் இயங்கும் எந்தப் பொறியும் தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற இயலாது என்னும் கருத்துக்கு 1824-இல் வழிவகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் சாதி கார்னோ. கழிவு வெப்பம் என்பது இயற்கை வசூலிக்கும் வரி. எந்தப் பொறியாளனாலும் அதை ஏய்க்க முடியாது. பெட்ரோல் காரில், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. ஏறத்தாழ மற்றொரு பங்கு ரேடியேட்டர் நீரோடு போகிறது. சக்கரத்தைச் சுழற்ற மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். மணிக்கு 6 லிட்டர் பெட்ரோல் எரிக்கும் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 34 மெகாஜூல் ஆற்றல் உண்டு. அப்படியாயின் அந்தக் காரின் அடுப்பு 57 கிலோவாட் அளவில் எரிகிறது; ரேடியேட்டர் நீர் சுமந்து செல்வது ஏறத்தாழ 19 கிலோவாட். கண்ணாடியில் பீய்ச்சும் 100 மில்லிலிட்டர் தெளிப்பு நீரைச் சுழிக்குக் கீழ் 10 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்க வேண்டியதோ 21 கிலோஜூல் அளவே. அதாவது, ரேடியேட்டர் காற்றில் விடும் வெப்பத்தில் ஒரு நொடிக்குச் சற்று அதிகமான அளவு போதும்!

ஒரு நொடி வெப்பத்துக்கு வழி தெரியாமலா உலகம் இருந்தது என்று கேட்கலாம். வழி தெரியும். காருக்குள் இருப்போர் குளிர் காய்வதே ரேடியேட்டர் நீரின் வெப்பத்தில்தான். ஜெர்மனியின் மெர்சிடஸ் கார்கள் சிலவற்றில் தெளிப்பு நீர்த் தொட்டிக்குள் சுருள்குழாய் வைத்து, இன்ஜின் நீரை அதன் வழியே செலுத்திச் சூடாக்கியும் இருக்கிறார்கள். ஆனால் வேறொரு வழியில் சென்று சுட்டுக்கொண்ட கதையும் உண்டு.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2006 முதல் 2009 வரையிலான மாடல்கள் பலவற்றில், தெளிப்பு நீரை மின்சாரத்தால் சூடாக்கும் சிறு பெட்டியைப் பொருத்தியது. அது அளவுமீறிச் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பது தெரியவந்ததும், 2008-இல் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சீர்செய்தது. அப்போதும் சிக்கல் ஓயவில்லை. 2010 ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளை அழைத்து, அந்தப் பெட்டியையே செயலிழக்கச் செய்து, உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் 100 டாலர் ஈடு கொடுத்தது. நாம் கண்ட 21 கிலோஜூலை 30 நொடியில் மின்சாரத்தால் தரவேண்டுமானால் 700 வாட் தேவை. 12 வோல்ட் பேட்டரியில் அது 58 ஆம்பியர் மின்னோட்டம். 55 வாட் முகப்பு விளக்குகள் ஏறத்தாழப் பதின்மூன்றை ஒருசேர எரிப்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு மின்னோட்டம் பாயும் இடத்தில் சிறு பழுதும் பெருந்தீயாகலாம். பக்கத்திலேயே சுடுநீர் ஓடிக்கொண்டிருக்க, அதைக் காற்றில் ஆறவிட்டு, மின்சாரத்தை எரித்துப் புதிதாகச் சூடு உண்டாக்குவானேன்? இதுவே என் வினா.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. சுடுநீர் மிகவும் தேவைப்படுவது விடியற்காலையில். அந்நேரத்தில் இன்ஜினும் குளிர்ந்துதான் கிடக்கும். இன்ஜின் சூடாகும்வரை கழிவு வெப்பம் என்று ஒன்றில்லை. மின்சாரமோ சாவியைத் திருப்பியதும் வந்துவிடும். பொறியாளர்கள் மின்சாரத்தை நாடியதற்கு இதுவே காரணமாகலாம்.

ஆனால் நேற்றைய வெப்பத்தை இன்றைக்குச் சேர்த்துவைக்க முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்ற பிரியஸ் காரில், சூடான இன்ஜின் நீரில் 3 லிட்டரைச் சேமித்துவைக்கும் வெற்றிடக் குடுவை இருந்தது. நம் வீட்டுப் பிளாஸ்க்கின் அண்ணன் என்று அதைச் சொல்லலாம். மூன்று நாள் வரையில் அது சூட்டைக் காக்கும். இன்ஜினைக் கிளப்பும்போது புகையைக் குறைப்பதற்காக அதை வைத்தார்கள். நம் தேவைக்கு அவ்வளவு பெரியது வேண்டியதில்லை. அரை லிட்டர் இன்ஜின் நீர் 90 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 70 கிலோஜூல் தரும். மூன்றுமுறை பீய்ச்ச அது போதும்.

வெப்பத்தைப் புகைக்குழாயிலிருந்து எடுக்கக்கூடாதா என்றும் சிலர் கேட்கலாம். அங்கே வெப்பநிலை பல நூறு டிகிரி. மெத்தனால் கொதிப்பதோ 64.7 டிகிரியில். எளிதில் தீப்பற்றும் நீர்மத்தை அதன் அருகில் கொண்டுபோவது அறிவுடைமையாகாது. மேலும், என் தந்தையாரின் கொதிநீர் கற்பித்த பாடமும் உண்டு: உறைந்த கண்ணாடியின் ஒரு பகுதி சட்டெனச் சூடாகி விரிய, மறுபகுதி குளிர்ந்தே நிற்குமானால் கண்ணாடி தாங்காது. மிதமான சூடே வேண்டும். 90 டிகிரி அளவில் நிற்கும் இன்ஜின் நீர், சிறு சுருள்குழாய் வழியாகத் தெளிப்பு நீரை 50 டிகிரி அளவுக்குக் கொண்டுவருவதே தக்க வழி என்பது என் கருத்து. அதையும் பீய்ச்சும் நேரத்தில் மட்டுமே சூடாக்கவேண்டும். தொட்டி முழுவதையும் சூடாக்கி வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும்.

இவ்வளவு செய்தும் எவ்வளவு பெட்ரோல் மிச்சம்? நேர்மையாகச் சொன்னால், மிகச் சிறிது. 21 கிலோஜூல் என்பது ஒரு மில்லிலிட்டர் பெட்ரோலில் அடங்கிவிடும். தெளிப்பு நீரில் ஆல்கஹால் கலக்கும் தேவையும் இதனால் ஒழியாது. நிறுத்திவைத்த வண்டியின் தொட்டி உறையத்தானே செய்யும்? மின்சாரத்தால் ஓடும் கார்களில் கழிவு வெப்பம் மிகக் குறைவு. அங்கே பெரிய பேட்டரியிலிருந்து சிறிதளவு மின்சாரத்தை எடுத்துச் சூடாக்குவதை நான் குறைகூறமாட்டேன். ஆனால் பெட்ரோலும் டீசலும் எரிக்கும் வண்டிகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்வரை, என் வினா நிற்கும். நான் கேட்பது எரிபொருள் கணக்கன்று. ஓட்டுபவனின் கண்ணைக் காக்கும் கணக்கு. புதிதாக ஒன்றை மூட்டுமுன், ஏற்கெனவே எரிவது எங்கே போகிறது என்று பார்க்கும் பழக்கத்தைப் பற்றிய கணக்கு.

அந்தப் பழக்கத்தை நான் எந்த நூலிலும் முதலில் கற்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது கொடியடுப்பு. முதற்கண்ணில் சோறு கொதிக்கும். அதன் தீநாக்கு உள்வழியாகச் சென்று தொடும் பக்கத்துக் கண்ணில் எப்போதும் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரில் குளித்துத்தான் நான் தேர்வுக்குப் போகிறேன். பள்ளி வாசலை மிதித்திராத என் அன்னையாரிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். “எரியிற தீ ஒண்ணுதானே? போற சூட்டை எதுக்கு வெட்டியா விடணும்? இதுக்கா இத்தனை பக்கம் எழுதினே?” என்று கேட்டார். கார்னோவைப் பற்றி இரண்டு பருவம் படித்த நான் என்ன விடை சொல்வேன்?

இறுதியாக, என்னைப் பார்த்துச் சிரித்த நண்பருக்கு ஒன்று. 1903-இல் வண்டிக் கண்ணாடிக்கு வைப்பர் அமைத்து அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி. அவர் பொறியாளர் அல்லர். பனி மிகுந்த வடநாட்டவரும் அல்லர். வெப்பம் மிகுந்த தென்பகுதியான அலபாமாவைச் சேர்ந்தவர். நியூயார்க்குக்குச் சென்றிருந்தபோது, பனிமழையில் டிராம் வண்டி ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்க்கமுடியாமல் திண்டாடியதைக் கண்டார். “நம் ஊருக்கு இது எதற்கு?” என்று கேட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை. அவருடைய கண்டுபிடிப்பை வாங்க முன்வராத நிறுவனம் இதில் வணிகப் பயன் இல்லை என்றது. இன்று வைப்பர் இல்லாத காரைக் காட்ட முடியுமா?

பனி விழும் நாட்டில் பிறந்தவன்தான் பனியைப் பற்றிச் சிந்திக்கவேண்டும் என்றோ, பெரிய கல்லூரியில் படிப்பவன்தான் இன்ஜினைப் பற்றிப் பேசவேண்டும் என்றோ எங்கும் சட்டமில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் பனிஹாலில் கண்ட அந்த மூன்றடி தூரத்தை அவரால் கடக்க இயலவில்லை. அவரிடம் ஸ்டவ்வும் கொதிநீரும் மட்டுமே இருந்தன. என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகமும், ஓர் ஆய்வுக்கூடமும், கேட்டால் விளக்கம் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அடுத்த கருத்தரங்கிலும் இதே தலைப்பில்தான் பேசப்போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; இம்முறை அவசரமாகப் படிக்கமாட்டேன்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்