பழம் சொல்லும் பாடம்

லிங்கராஜபுரத்தில் வேலைக்குப் போகும் தமிழ்த் தாய்மார்கள் பலருக்கு அங்கன்வாடியே துணை. 1975-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் பயன் இது. ஆனால், சுவரிலுள்ள படத்தைக் காட்டி “இது என்ன ஹண்ணு?” என்று கேட்டால், வீட்டில் “பழம்” என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை விழிக்கும். உடனே அதற்கு “மந்தம்” என்று பெயர் சூட்டிவிடலாமா?

படத்தை விட்டுப் பழத்தையே வையுங்கள். நான்கைந்து பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். கண்ணை மூடிக்கொண்டு, வாசனையால் கொய்யாவைக் கண்டுபிடிக்கட்டும். ஆரஞ்சுச் சுளைகளை எண்ணிப் பங்கிடட்டும். பிறகு இரண்டு மொழியிலும் பெயர் சொல்லட்டும். நம் பலாவும் கன்னட ஹலசும் உடன்பிறப்புகள்தானே!

வாய் திறந்த பிள்ளை கன்னடத்தையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பெற்றோர்களே, வாரம் ஒரு நாள் ஆளுக்கொரு பழம் கொடுத்தனுப்பினால் என்ன?