ஆற்றை அளவாமல் மனையை அளப்பதா?

2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் முதல் நாள் தொடங்கிய பெருமழையில், தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பொழிந்தது. அடையாறு கரைகடந்தது, சென்னை மூழ்கியது. அதன்பின் எழுந்த பூசலெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியை எப்பொழுது திறந்தனர், எவ்வளவு திறந்தனர் என்பதைப் பற்றியதே. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அவ்வேரியின் மிகைநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில்! முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேற்புறத்தே உள்ளவை. அவற்றை மூழ்கடித்தது, ஆதனூர் முதலிய மேலை ஏரிகளின் மிகைநீரும், வயல்களை அழித்து மனைகளாக்கிய நிலங்களின் வடிநீருமே அன்றோ?

ஓர் ஏக்கர் நிலத்தில் 10 செ.மீ. மழை பெய்யின், விழும் நீர் ஏறக்குறைய 4,00,000 இலிட்டர். புல்லும் பயிரும் உள்ள மண் அதில் ஒரு பகுதியை உண்டு, எஞ்சியதை மெல்ல விடும். கற்காரை பூசிய தரை உண்பதுமில்லை, பொறுப்பதுமில்லை. மனைக்கெனப் புல் செதுக்கி வெறுமையாக்கிய நிலமோ நீரோடு தன் மேல்மண்ணையும் சேர்த்து அனுப்பும். அம்மண் வரத்துக்கால் வழியே ஏரியில் படியும், ஏரி மேடுறும், கொள்ளளவு குறையும், முன்னினும் குறைந்த மழைக்கே கலிங்கு வழியும். ஆகலின் வெள்ளமும் மண்ணரிப்பும் இரு வேறு கேடுகள் அல்ல. ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே கேடு.

பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என ஊர்ப் பெயர்களிலேயே நீர் தங்கிய இடத்தைக் குறித்து வைத்தனர் முன்னோர். பெயர் நின்றது, தாங்கல் போயிற்று. மாம்பலம் ஏரி 1920-களில் தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரிமேல் வள்ளுவர் கோட்டமே எழுந்தது! குப்பையாலும் கட்டடங்களாலும் பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்கியது. 2023 திசம்பர்ப் புயல்மழையில் அதனை அடுத்த ஊர்கள் மீண்டும் நீரில் நின்றன.

2022-இல் சென்னைப் பெருநகர்ப் பரப்பு 1,189 சதுரக் கி.மீ.-இலிருந்து 5,904 சதுரக் கி.மீ.-ஆக விரிவுறுத்தப்பட்டது. இனி மனைகளாகப் போகும் நிலங்களுள் பல இன்னும் ஏரிகளும் வயல்களுமே. கெடாமல் காக்கக் காலம் உண்டு. ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே இசைவு வழங்கும் முறை இதற்குப் போதாது. ஒரு மனை தன்னளவில் தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆயிரம் மனைகளின் வடிநீர் ஒரே கால்வாயில் கூடும்பொழுதே வெள்ளமாகிறது. எனவே முதலில் ஆற்றின் நீர்ப்பிடிப்பு முழுவதையும் அளக்க வேண்டும். எந்நிலம் நீர் தாங்கும், எம்மண் அரிக்கும், எக்காலில் எவ்வளவு நீர் செல்லும் என்பதைப் புல எண் வாரியாகக் கணித்துத் தமிழில் வெளியிட வேண்டும். இசைவு அதன் பின்னரே!

வாழ்நாள் ஈட்டத்தைக் கொடுத்து மனை வாங்கும் எளியவனுக்கு, தான் வாங்குவது வீட்டையா, ஏரியின் வயிற்றையா என்று அறியும் உரிமை உண்டு. அதனை மறைத்து விற்பதும், மறைக்க இசைவதும் ஒரே குற்றமாம்.