தெருநாய் வழக்கு: கணக்கில் வராத அச்சம்

புது தில்லி: தெருநாய் பிரச்னையில் உச்ச நீதிமன்றம் 2025-ல் பிறப்பித்த முக்கிய உத்தரவுகள், எந்த நாயை மீண்டும் தெருவில் விடலாம் என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்தன. தலைநகர்ப் பகுதி நாய்களைக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்ட் 11-ல் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை, தடுப்பூசிக்குப் பின் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் தாக்கியவை, ஆக்ரோஷமானவை மட்டும் விலக்கு என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிபடும் நாய்களை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று நவம்பர் 7-ல் உத்தரவிட்டது.

ஆக்ரோஷமான நாய் எது என்பதில்தான் சிக்கல். கடிக்கும் நாய் எல்லாம் சினம் கொண்ட நாய் அல்ல. தப்பிக்க வழியின்றி அஞ்சிக் கடிப்பவையும் உண்டு. பிறந்து ஏறத்தாழ 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டி, பின்னர் மனிதரைக் கண்டாலே ஒதுங்கும் என்பதை 1961-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. கொல்கத்தா ஐ.ஐ.எஸ்.இ.ஆர். ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், தெருநாய்களில் ஏறக்குறைய பாதி, அறிமுகமற்ற மனிதரை நெருங்கவே இல்லை. நெருங்கியவற்றில் பெரும்பாலானவை கை காட்டிய திசையைப் புரிந்துகொண்டன. அதாவது, குறை அறிவில் அல்ல, நம்பிக்கையில்.

இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை போன்ற ஏலத் தோட்டப் பகுதிகளில் இது நிர்வாகப் பிரச்னையாகவே மாறுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டி வளரும் நாயைக் கையால் பிடித்து ஊசி போடலாம். புதருக்குள் பிறந்து வளர்ந்த நாய்க்கு வலை வேண்டும். ஒருமுறை வலையில் சிக்கிய நாய், அடுத்த முறை வண்டிச் சத்தத்துக்கே ஓடிவிடும். வெறிநோய் பரவலைத் தடுக்க 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எளிதில் பிடிபடும் நாய்களை மட்டும் வைத்து அந்த அளவை எட்ட முடியாது.

கேரளத்தில் கருத்தடைப் பணி செய்துவந்த குடும்பஸ்ரீ குழுக்களுக்கு உயர் நீதிமன்றம் 2021-ல் தடை விதித்தது. விதிகளின்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஊர் நாய்களை அடையாளம் தெரிந்த கைகள் விலகிப் போயின.

அருகிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா போன்ற காடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. மனிதரை விட்டு விலகி வாழும் செந்நாய்களுக்கு ஊர் நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் தொற்றும் அபாயம் உள்ளது.

தேனி மாவட்டத் தொழிலாளர்கள் போடிமெட்டு வழியாக ஜீப்பில் நாள்தோறும் இத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். தடுப்பூசித் திட்டங்களோ மாநில எல்லையோடு நின்றுவிடுகின்றன. தேனியும் இடுக்கியும் ஒரே வாரத்தில் முகாம் நடத்த நீதிமன்ற உத்தரவு எதுவும் தேவையில்லை.