பழுதுபார்க்க முடியாத போன்: எங்கள் நிலைப்பாடு

செல்போன், மடிக்கணினி விற்கும் நிறுவனங்கள், ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டுகளுக்கு அதன் உதிரி பாகங்களைத் தந்தாக வேண்டும். இதை இந்தியாவில் சட்டமாக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் கோரிக்கை.

2022-ல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்கிறது ஐ.நா. கணக்கு. முறையாக மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. நம் நாட்டில் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்களும், போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் பிரிப்பவர்களும் அந்த நஞ்சைத் தங்கள் நுரையீரலில் வாங்கிக்கொள்கிறார்கள். மின்னணுக் கழிவு விதிகள், 2022 உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு வைத்திருப்பதை வரவேற்கிறோம். ஆனால் அது மட்டும் போதாது. ஒரு ஸ்மார்ட்போனால் உண்டாகும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்பே, சுரங்கத்திலும் ஆலையிலும் நடந்து முடிந்துவிடுகிறது. போனை நொறுக்கி எடுக்கும் உலோகம் அதை ஈடுகட்டாது. இருக்கிற போன் இன்னும் சில ஆண்டுகள் உழைத்தால்தான் புதிது செய்வது குறையும்.

போன் சீக்கிரமே பயனற்றுப் போகும்போது முதலில் அடிபடுவது ஏழைக் குடும்பம். வங்கி ஓடிபி, கல்வி உதவித்தொகை, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் ஒரே போனில். நூறு நாள் வேலையின் வருகைப்பதிவே 2023-ல் செயலிக்கு மாறியது. கடன் வாங்கி எடுத்த போனுக்கு அப்டேட் நின்றால், நல்ல நிலையில் இருக்கும்போதே செயலிகள் ஒவ்வொன்றாக அதில் ஓடாமல் போகின்றன. பழுதுபார்க்கவும் ஆள் உண்டு: சென்னை ரிச்சி தெருவில் கைத்திறன் உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. பசை போட்டு ஒட்டிய பேட்டரியும், மென்பொருளால் பூட்டிய பாகங்களும்தான் அவர்கள் கையைக் கட்டிப்போடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் 7 ஆண்டு உதிரி பாகமும், விற்பனை நின்றபின் 5 ஆண்டு இயங்குதள அப்டேட்டும் கட்டாயம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலாளர்கள் பூட்டி அனுப்பும் போனுக்கு அங்கே இந்தப் பாதுகாப்பு உண்டு. அதே தொழிலாளி இங்கே வாங்கும் போனுக்கு இல்லை. இது அநீதி. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் திறந்த பழுதுபார்ப்பு உரிமைத் தளம் தகவல் தருகிறது, யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

மத்தியச் சட்டம் வரும்வரை தமிழக அரசு காத்திருக்கத் தேவையில்லை. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இனி அரசு வாங்கும் ஒவ்வொரு கருவியின் ஒப்பந்தப்புள்ளியிலும், கழற்றி மாற்றத்தக்க பேட்டரியையும் 7 ஆண்டு உதிரி பாகத்தையும் நிபந்தனையாக எழுதுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.