நடிப்பென்று நகையற்க

தக்காளித் தோட்டத்திற்கு வாங்கிய பூச்சிமருந்தை எங்கள் மாரண்டஹள்ளியில் மாடக்குழியிலேயே வைத்துவிடுவர். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுற்ற இளைஞர்க்கோ, அன்புடையார் பிரிவரென்னும் அச்சமே பொறுத்தற்கரிய வேதனையாகும். 'சாவேன்' என்று அன்னார் கூறுங்கால் நடிப்பென்று நகைக்கின்றோம். யானும் நகைத்ததுண்டு, வெட்குகின்றேன். அபாயம் மெய்யே. ஆயினும், அவ்வேகம் பெரும்பாலும் சிறுபொழுதில் தணிவது. இலங்கை அரசினர் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை விலக்கினர். 2005-க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. அங்ஙனமிருக்க, வெறும் உபதேசத்தாற் பயனென்னை? நண்பர்காள், மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறவுகோலை மூத்தோரிடம் கொடுப்பீராக. 'சாக நினைக்கின்றாயா?' என நேரே வினவுவீராக. வினவுதல் அவ்வெண்ணத்தை விதைப்பதன்று. ஆமெனின், தனியே விடாது, 14416 என்னும் அரசாங்க மனநல எண்ணை அழைத்து, தருமபுரி அரசு மருத்துவமனைக்கு உடன் செல்வீராக.